லார்வில் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு கை தண்ணீர்

உ

இதை எழுதுவதா விடுவதா என்று பல வருடங்கள் யோசித்துக்கொண்டே இருந்துவிட்டேன். நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். தபாற்காரனாக இருந்து பென்சனோடு இளைப்பாறியவன். மற்றவர்கள் எழுதியதைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேனே தவிர, நானாக எழுதி ஒருவருக்கும் கொடுத்ததில்லை. அதோடு இது பிற மதத்தவர் ஒருவரின் குடும்ப விஷயம். அவர்களுக்காக நான் செய்த ஒரு காரியம் சாத்திரத்துக்கு ஒத்ததா இல்லையா என்று எங்கள் கோயில் ஐயரிடம் கேட்கவும் பயமாக இருந்தது. போன ஆடி அமாவாசைக்குத்தான் துணிந்து கேட்டேன். "தண்ணியை விட்டிட்டு வந்தெல்லோ கேக்கிறீர்" என்று சொல்லிச் சிரித்தார். அதனால் எழுதுகிறேன்.

எண்பதுகளின் நடுவில் நான் நியூசிலாந்தின் ஓக்லாந்து நகரத்துக்குப் போனேன். ஊர் பார்க்கப் போகவில்லை. எங்கள் ஒரே மகள் வதனிக்கு அங்கே முதல் பிள்ளை பிறந்திருந்தது. வதனிக்குப் பிள்ளை கிடைத்தால் நான்தான் போவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவள் என் மனைவி இராசம்மா. அவள் அதற்கு முந்திய ஆடியில் காய்ச்சலில் போய்விட்டாள். அவளுடைய இடத்துக்கு நான் போனேன். பெட்டியில் பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற சரக்குத்தூள், மிளகாய்த்தூள், காய்ந்த பனங்கிழங்கு ஒடியல், ஒரு கட்டுக் கறிவேப்பிலை. விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்து பார்த்த சுங்கத்துப் பெண் ஒடியலையும் கறிவேப்பிலையையும் சட்டப்படி எடுத்துவிட்டாள். சரக்குத்தூளை முகர்ந்து பார்த்துவிட்டு, தொடர்ந்து தும்மிக்கொண்டே, போகலாம் என்று கையைக் காட்டினாள்.

மகளின் வீடு நகரத்தின் ஓரத்தில், கிளென் ஈடனில். பலகை வீடு. நடந்தால் வீடு முழுவதும் கேட்கும். பேரன் இரவில் விழித்திருந்து பகலில் தூங்குகிற பிள்ளை. அவன் தூங்கும்போது வதனியும் தூங்குவாள். மருமகன் சிறி விடிய வேலைக்குப் போனால் இருட்டித்தான் வருவார். பகல் முழுவதும் நான் காலை வைக்கவும் யோசித்துக்கொண்டு கதிரையில் இருப்பேன். தேவாரத்தைக்கூட வாய்க்குள்தான் படித்தேன். இராசம்மா என்றால் இந்தப் பிள்ளையைக் காலில் போட்டு எண்ணெய் பூசி முழுகவார்த்திருப்பாள். எனக்கு அது தெரியாது. சரக்குத்தூளை எந்த நாளில் எவ்வளவு கொடுப்பதென்றும் தெரியாது. வதனி கேட்டபோது, "கொம்மாவுக்குத்தான் தெரியும்" என்றேன்.

இன்னொன்றும் இருந்தது. பாஸ்போட்டில் தகப்பன் பெயரைக் குடும்பப் பெயரென்று போட்டிருந்தார்கள். அதனால் அந்த நாட்டில் எல்லோருக்கும் நான் "மிஸ்டர் முருகேசு". முருகேசு என் ஐயா. அவர் செத்து எவ்வளவோ காலம். அவரை ஆரோ கூப்பிடுகிறார்கள் என்று முதலில் திரும்பிப் பார்ப்பேன். வீட்டில் நான் அப்பா, மாமா. என்னுடைய பெயரைச் சொல்ல அந்தத் தீவில் ஒருவரும் இருக்கவில்லை.

பக்கத்து வீட்டில் மிஸிஸ் டன் என்ற வெள்ளைக்கார அம்மா தனியாக இருந்தார். எழுபதைத் தாண்டியவர், புருசன் இல்லை, பிள்ளையும் இல்லை. அங்கே மழை சொல்லாமல் வரும். ஒரு நாள் நான் வீட்டுக்குப் பின்னால் கோடியில் நிற்கும்போது துமிக்கத் தொடங்கியது. அவருடைய கொடியில் உடுப்புகள் நிறையக் கிடந்தன. நான் வேலியால் குரல் கொடுத்தேன். அவர் வந்து கையால் தடவித் தடவிக் கிளிப்புகளைத் தேடியபோதுதான் பார்வை குறைவென்று தெரிந்தது. பெண்களின் உடுப்பைத் தொட எனக்குக் கூச்சம். கூடையை மட்டும் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். எல்லாம் நனைந்த பிறகு, "உங்களுடைய உதவி மிகவும் மரியாதையாக இருந்தது, ஆனால் கொஞ்சம் மெதுவாக இருந்தது" என்றார்.

தேத்தண்ணீருக்குக் கூப்பிட்டார். நான் முட்டையும் தொடாத சைவம் என்று கேட்டறிந்து, சீஸ் வைத்த பாண் ரொட்டித் துண்டுகள் தந்தார். சாப்பாட்டறைச் சுவர் முழுவதும் ஒரு பெரிய காகிதம். அதில் பெயர்களும் கோடுகளும். அவர் பிறந்த குடும்பத்தின் பெயர் லார்வில். அதன் வேர் பிரான்சுப் பக்கத்து நோர்மண்டியில் இருக்கிறதாம். அங்கிருந்து இங்கிலாந்தைப் பிடிக்க வந்த அரசனோடு வந்து, காணி பெற்று, ஊருக்கு அதிகாரியாக இருந்த குடும்பம். அந்த ஊர் வேதக்கோயிலில் ராபர்ட் டி லார்வில் என்ற வீரனும் அவன் பெண்சாதி ஆலிசும் கல்லறையின் மேல் கல்லுருவமாகப் படுத்திருக்கிறார்கள், காலடியில் ஒரு கல் நாய். படம் காட்டினார்.

காகிதத்தின் அடியில் மிஸிஸ் டன். அவருக்கு மேலே தகப்பன், கப்பலில் தச்சனாக வந்த பாட்டன், அப்படியே ஏறி நானூறு வருடம். காகிதத்தின் உச்சியிலிருந்து லார்வில் வீரர்கள் இறங்கி வருகிறார்கள். நடுவில் ஒரு முழ அகலத்துக்கு வெறும் வெள்ளை. அந்த வெள்ளையை நிரப்பத்தான் புருசன் போன நாளிலிருந்து தேடுகிறார். ஒரே தம்பி யுத்தத்தில் போய்விட்டான். "லார்வில் என்று பிறந்தவர்களில் மிச்சம் நான் ஒருத்திதான்" என்றார். செப்டெம்பரில் இங்கிலாந்துக்குப் போக ஏற்பாடு செய்திருந்தார். அந்தக் கல்லுக்கு முன்னால் போய் நிற்க வேண்டும், பார்க்க வந்தவளாக அல்ல, வீட்டுப் பிள்ளையாக. அதற்குள் அந்த இடைவெளி நிரம்ப வேண்டும். கண்ணோ நாளுக்கு நாள் மங்கிக்கொண்டு போகிறது.

என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டார். தபாற்காரன் என்றேன்.

"அப்படியென்றால் மோசமான கையெழுத்தில் இருக்கிற பெயரையும் வாசிப்பீர்கள்."

அது முடியுமென்று ஒத்துக்கொண்டேன். வேறெதையும் அவ்வளவு துணிவாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

அன்றிலிருந்து கிழமையில் இரண்டு மூன்று நாள் ரெயிலேறிப் பட்டணத்துப் பெரிய நூலகத்துக்குப் போனோம். எங்கள் ஊர் ரெயில் மாதிரிச் சனம் கதைத்துக்கொண்டு வராது. பெட்டியில் பத்துப் பேர் இருந்தால் பத்துப் பேரும் பத்து ஜன்னலைப் பார்ப்பார்கள். முதல் நாள் எதிரே இருந்தவரிடம் எங்கே போகிறீர்கள் என்று கேட்டுவிட்டேன். அவர் தன் டிக்கெட்டை எடுத்து நீட்டினார். என்னைப் பரிசோதகர் என்று நினைத்துவிட்டார். மிஸிஸ் டன் குடையின் பிடியை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்.

நூலகத்தில் அந்தக் காலத்துப் பதிவுகளைச் சுருக்கி இங்கிலீசில் அச்சடித்த பெரிய புத்தகங்கள் இருந்தன. அரசனிடம் காணி வைத்திருந்த ஒருவர் செத்தால், அரசனின் ஆள் அந்த ஊருக்கு வந்து ஊரவரில் பன்னிரண்டு பேரைக் கூப்பிட்டுச் சத்தியம் வாங்கிக் கேட்பானாம். என்ன காணி, எந்த நாளில் செத்தார், உரித்தாளர், அதாவது வாரிசு, ஆர், வயது என்ன. ஊரவர் சொன்னதெல்லாம் எழுதியிருக்கிறது. எழுநூறு வருடத்துக்கு முந்திய ஊர்க் கதை இன்னும் இருக்கிறது. பழைய ஏடுகளை நூலகத்தோடு எரித்துவிடுகிற காலத்தை நான் என் ஊரில் பார்த்துவிட்டு வந்தவன். அந்தப் புத்தகத்தைத் தொடுவதற்கு முன் கை கழுவிவிட்டு வந்தேன்.

நான் வாசிப்பேன், மிஸிஸ் டன் விளக்கம் சொல்லுவார். பிறகு நான் தடித்த பேனையால் பெரிய எழுத்தில் தாள் தாளாக எழுதிக் கொடுப்பேன், அவர் வீட்டில் கண்ணாடிவில்லை வைத்துப் பார்ப்பதற்காக. ஒருவனின் வயதை நிரூபிக்க ஊரவர் சொன்ன சாட்சிகள் எனக்கு நன்றாகப் பிடித்தன. அவன் பிறந்த அன்றைக்குத்தான் என் கால் முறிந்தது என்கிறான் ஒருவன். என் வீடு எரிந்த வருடம் என்கிறான் இன்னொருவன். எங்கள் ஆட்களும் புயலடித்த வருடம், மாடு கிணற்றுக்குள் விழுந்த வருடம் என்றுதானே சொல்லுகிறார்கள். ஒரு காணிக்கு வருட வாடகை ஒரு இறாத்தல் சீரகம் என்று இருந்தது. அதை வாசித்துவிட்டு எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அன்று பின்னேரம் சரக்குப் பையிலிருந்து ஒரு கிள்ளுச் சீரகம் கொண்டுபோய் மிஸிஸ் டன்னின் உள்ளங்கையில் வைத்தேன். நசுக்கி முகர்ந்து பார்த்துவிட்டு, வாடகை கிடைத்துவிட்டது, இனிமேல் நீங்கள் காணியில் இருக்கலாம் என்றார்.

இரண்டாம் கிழமை அவர் ஒரு குறை சொன்னார். "மிஸ்டர் முருகேசு, எல்லாத் தாளிலும் இரண்டாம் பக்கம் என்று போட்டிருக்கிறீர்கள். முதலாம் பக்கங்களெல்லாம் எங்கே?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு பார்த்தால் பிள்ளையார் சுழி. கை தன்பாட்டில் ஒவ்வொரு தாளின் தலையிலும் உ போட்டிருக்கிறது, அவருடைய கண்ணுக்கு அது 2. எதை எழுதத் தொடங்கினாலும் பிள்ளையாரை நினைத்து இதைப் போடுவோம், மரண அறிவித்தலுக்கு மட்டும் போடுவதில்லை என்று சொன்னேன்.

"நீங்கள் எனக்கு எழுதித் தருவதெல்லாம் மரணம்தானே?"

அது உண்மைதான். கொஞ்சம் யோசித்துவிட்டு, செத்தவர்கள் செத்தது பழைய விஷயம், நீங்கள் தேடுவது நல்ல காரியம், அதனால் போடலாம் என்றேன். அவர் சரி என்றார். அதன் பிறகு தாளை வாங்கியதும் வில்லையை முதலில் அதன் தலையில்தான் வைப்பார். "இரண்டு இருக்கிறது, நல்லது" என்று சொல்லிவிட்டுத்தான் கீழே வாசிப்பார்.

சுழி போட்டாலும் செத்தவர்களின் விபரம் வாசித்த துடக்கோடு, தீட்டோடு, அப்படியே சாமிக்கு விளக்கேற்ற எனக்கு மனம் வரவில்லை. வந்ததும் தலைக்கு முழுகுவேன். அந்த வீட்டில் சுடுதண்ணீர் ஒரு பெரிய உருளையில் நிற்கும். நான் முழுகினால் அது முடிந்துவிடும். ஒரு நாள் சிறி துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு பச்சைத்தண்ணீர்க் குழாயைப் பார்த்தபடி நின்றார். வதனி என்னைக் கேட்டாள்:

"அப்பா, அந்த மனிசர் செத்து எழுநூறு வருசமப்பா. துடக்கு இன்னும் கழியேல்லையோ?"

"எனக்கு இண்டைக்குத்தானே பிள்ளை தெரியும்" என்றேன்.

சிறி உள்ளே நின்று சொன்னார்: "நாளைக்கு ஆரும் சாகாம இருந்தா நான் முழுகிறன்."

இப்படியே ஆடி பிறந்தது. அங்கே அது கடுங்குளிர் காலம், ஐந்தரைக்கே இருட்டிவிடும். இராசம்மாவின் ஆட்டைத் திவசம், முதலாம் வருடத் திதி, வருகிறது. எங்களுக்கு ஆண் பிள்ளை இல்லை, அவளுக்குக் கொள்ளி வைத்ததும் நான்தான். ஓக்லாந்தில் அப்போது நாங்கள் கும்பிடக் கோயிலும் இல்லை, கேட்க ஐயரும் இல்லை. பஞ்சாங்கம் எங்கள் ஊர் நேரத்துக்கு எழுதியது, ஓக்லாந்து எங்களுக்கு முந்தி விடிகிற ஊர். கணக்குப் பார்த்தால் திதி வெள்ளியிலும் நிற்கிறது, சனியிலும் நிற்கிறது. நான் கவலைப்பட, சிறி, "மாமி ரெண்டு நாளும் வருவா மாமா, யோசியாதேங்கோ" என்றார். இரண்டு நாளும் விரதம் இருந்து சனி காலையில் கடலில் எள்ளும் தண்ணீரும் விடுவதென்று முடிவு செய்தேன்.

படையலுக்கு வாழைக்காய் வேண்டும். நியூ லின்னில் சமோவா ஆட்களின் கடையொன்றில் பச்சை வாழைக்காய் இருந்தது. கடைக்காரி பெரிய உடம்புள்ள அம்மா. விருந்தா என்று கேட்டார். என் பெண்சாதி செத்து ஒரு வருடம், அவளுக்கு என்றேன். நான் எடுத்த காய்களைத் திரும்பக் கொட்டிவிட்டு, உள்ளே போய் நல்ல காய்களாகப் பொறுக்கிக்கொண்டு வந்தார். அவளுக்கு இதுதான் சரி என்றார், இராசம்மாவைத் தெரிந்தவர் மாதிரி.

அந்த வியாழக்கிழமை மிஸிஸ் டன்னுக்குத் தடிமன், மூக்கால் ஓடியது. புத்தகத்தின் எந்தப் பாகம் என்று எழுதித் தந்து என்னைத் தனியே அனுப்பினார். ராபர்ட் டி லார்வில் செத்தபோது ஊரவர் சொன்னது அதில் இருக்கும், உரித்தாளன் பெயர் தெரிந்தால் வெள்ளையில் முதலாவது கோடு போட்டுவிடலாம் என்றார். தடிமன் குரலிலும் சந்தோசம் தெரிந்தது.

கண்டுபிடித்தேன். ராபர்ட்டின் பெண்சாதி ஆலிஸ் அவனுக்கு முந்தியே போய்விட்டாள். உரித்தாளன் மகன் வில்லியம், வயது மூன்று. எனக்கும் சந்தோசமாக இருந்தது. வில்லியம் வளர்ந்து கலியாணம் முடித்தது எங்கேயாவது இருக்கும் என்று பக்கத்தைப் புரட்டினேன். அதே பெயர் திரும்ப வந்தது. இம்முறை தலைப்பில் செத்தவன் பெயராக. தகப்பனில்லாத பிள்ளையென்று அரசனின் பொறுப்பில் இருந்த வில்லியம், தன் ஐந்தாம் வயதில் செத்தான். உரித்தாளர் ஆர் என்று கேட்டதற்கு அந்தப் பன்னிரண்டு பேரும் சொன்ன பதில் ஒரு வரி. இந்தப் பிள்ளைக்கு வேறு உரித்தாளர் ஆரும் இருப்பதாகத் தாங்கள் அறியோம். காணி அரசனிடம் திரும்பியது. அத்தோடு லார்வில் என்ற பெயர் அந்தப் புத்தகத்தில் இல்லை. பின்பக்கத்து அட்டவணையையும் பார்த்தேன். இல்லை.

தாளை எடுத்தேன். எழுதினேன். எழுதி முடித்தபோதுதான் கண்டேன், கை சுழி போடவில்லை. போடுவோமா என்று பேனையைக் கொண்டுபோனேன். முடியவில்லை.

ரெயிலில் அந்தத் தாள் மடியில் இருந்தது. இதைக் கொடுக்காமல் விட்டால் என்ன, புத்தகம் கிடைக்கவில்லை என்று சொன்னால் என்ன, செப்டெம்பரில் அந்த மனுசி சந்தோசமாகப் போய் நின்றுவிட்டு வரட்டுமே என்று நினைத்தேன். நான் அத்தனை வருடம் தபால் கொண்டுபோனவன். மரணத் தந்திகளும் கொண்டுபோயிருக்கிறேன். ஒன்றையாவது கொடுக்காமல் விட்டதில்லை. அதையும் இதையும் நினைத்துக்கொண்டிருந்ததில் கிளென் ஈடன் போனதே தெரியாது. இறங்கிப் பார்த்தால் சில நிலையங்கள் தள்ளி, ரானுயி. நல்ல மழை, இருட்டு, அடுத்த ரெயிலுக்கு நெடுநேரம். எதிரில் இருந்த, டெயரி என்று சொல்லுகிற பலசரக்குக் கடைக்காரர் என்னை உள்ளே கூப்பிட்டு ஹீட்டருக்குப் பக்கத்தில் நிற்க விட்டார். ஆருக்கும் அறிவிக்க வேண்டுமா என்று போனைக் காட்டினார். அந்த நேரம் போனடித்தால் பேரன் எழும்புவான். வேண்டாம் என்றேன்.

மிஸிஸ் டன்னின் வீட்டு வெளிச்சம் எரிந்துகொண்டிருந்தது. கதவைத் திறந்து, வாருங்கள், தேத்தண்ணீர் போடுகிறேன் என்றார். நான் வாசலுக்கு வெளியிலேயே நின்றேன். மரணச் செய்தி கொண்டுபோகிற வீட்டில் நான் தண்ணீர் வாங்கிக் குடிப்பதில்லை, உள்ளே போவதுமில்லை. தாளை நீட்டினேன். அவர் கழுத்தில் தொங்கிய வில்லையைத் தாளின் தலையில் வைத்தார். அங்கேயே வைத்துக்கொண்டு நின்றார். கீழே இறக்கவில்லை.

"இதில் இரண்டு இல்லை" என்றார்.

"இல்லை" என்றேன்.

"எத்தனை வயது?"

"ஐந்து."

குட் நைட் சொல்லிவிட்டுக் கதவை மெதுவாகச் சாத்தினார். வீட்டுக்கு வந்து முழுகப் போனேன். வதனி என் முகத்தைப் பார்த்தாள். நான் வெளியே வர ஒரு கோப்பை மல்லித்தண்ணீர் வைத்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டுத் திரைச்சீலை திறக்கவில்லை. இரண்டு தரம் போய்த் தட்டினேன். உள்ளே நடக்கிற சத்தம் கேட்டது, அதனால் திரும்பிவிட்டேன். புருசன் செத்த பிறகு அவரை எழுப்பி நடமாட வைத்தது அந்தத் தேடல்தான். அதை முடித்து வைத்தது என் கை. அன்றைக்கு விரதமென்று சாப்பிடாமல் இருந்தேன். விரதமில்லாவிட்டாலும் இறங்கியிராது.

சனி காலையில் நானும் சிறியும் காரில் ஏறும்போது மிஸிஸ் டன் தன் வாசல் கேற்றடியில் நின்றார். நீளக் கோட்டும் தொப்பியும் போட்டு, கையில் தோட்டத்து வெள்ளைப்பூக்கள் வைத்திருந்தார். திவசத்தைப்பற்றி முன்னமே சொல்லியிருந்தேன். "உங்கள் மனைவிக்கு" என்று பூவைத் தந்துவிட்டு, நானும் வரலாமா என்று கேட்டார். வேலைக்கு நேரம் போகுதென்று நின்ற சிறி காரின் முன்கதவைத் திறந்துவிட்டார். கடற்கரைக்குப் போகிற வழியில் மிஸிஸ் டன் சொன்னார், இப்போது போனால் சேறுதான் இருக்கும், பத்து மணிக்குத்தான் தண்ணீர் ஏறும் என்று. அவர் சொன்னபடியே இருந்தது. சிறி எங்களை இறக்கிவிட்டு, பிறகு வந்து ஏற்றுவதாகச் சொல்லிப் போனார். நாங்கள் இரண்டு பேரும் கரையில் ஒரு மரக்குற்றியில் இருந்து கடல் வரும்வரை பார்த்துக்கொண்டிருந்தோம்.

தண்ணீர் வந்தது. காற்சட்டையை மடித்துக்கொண்டு இறங்கினேன். அந்தக் குளிரைச் சொல்ல முடியாது. தர்ப்பை இல்லை, எள் மட்டும் சிறி எங்கேயோ தேடி வாங்கித் தந்தது இருந்தது. மந்திரம் எனக்குத் தெரியாது. ஊரில் கீரிமலைக் கடற்கரையில் ஐயர் செய்விக்கும்போது கேட்ட ஒழுங்கில், பெயர்களைச் சொல்லி விட்டேன். என் ஐயா முருகேசு, அவருடைய தகப்பன், பாட்டன். அதற்குமேல் எனக்குப் பெயர் தெரியாது. பிறகு இராசம்மா. அவளுடைய பெயரை அன்றைக்குத்தான் அந்த நாட்டில் வாய்விட்டுச் சொன்னேன். பூவை விட்டேன். அலை எடுத்துக்கொண்டது. காகம் ஒன்றும் அந்த ஊரில் இல்லை. கடற்பறவைகள் தூரத்தில் நின்று பார்த்தன.

கடைசியாக இன்னொரு கை தண்ணீர் அள்ளினேன். மிஸிஸ் டன் தண்ணீர் விளிம்புவரை வந்து, இது ஆருக்கு என்று கேட்டார்.

கீரிமலை ஐயர் ஒவ்வொரு முறையும் முடிக்கும்போது, "இனி ஆருமில்லாதவைக்கு ஒரு கை விடும்" என்பார். தண்ணீர் விடப் பிள்ளையோ உறவோ இல்லாமல் போனவர்களுக்கு அது. அதற்குப் பெயர் சொல்வதில்லை, தெரிந்தால்தானே சொல்ல. அதை என்னுடைய இங்கிலீசில் சொன்னேன்.

அவர் சப்பாத்தைக் கழற்றவில்லை. அப்படியே இறங்கி வந்து எனக்குப் பக்கத்தில் நின்றார்.

"எங்களுக்கு ஒரு பெயர் தெரியுமே" என்றார்.

எள்ளைப் போட்டு, "வில்லியம், ராபர்ட்டின் மகன்" என்று சொல்லி விட்டேன். அவரும் கூடவே சொன்னார். உரித்தாளர் ஆருமில்லையென்று பன்னிரண்டு பேர் சத்தியம் செய்த பிள்ளைக்கு, எழுநூறு வருடம் கழித்து, வேறு கடலில், உறவில்லாத இரண்டு கிழடுகள் தண்ணீர் விட்டோம். அந்தப் பிள்ளை அதை ஏற்றுக்கொண்டிருக்கும் என்று நான் முழுமனதோடு நம்புகிறேன். ஆண்டவன் அதைத் தடுத்திருக்க மாட்டான்.

மரக்குற்றியில் திரும்ப இருந்து அவர் சப்பாத்துத் தண்ணீரைக் கவிழ்த்து ஊற்றினார். பிறகு சொன்னார்:

"நான் அவர்கள் வீட்டுப் பிள்ளை இல்லை, மிஸ்டர் முருகேசு. எங்கள் ஆட்களில் முதலாவது ஆள், அந்த ஊரில் ஆரோ ஒருவன், அந்தப் பெயரை எடுத்து வைத்துக்கொண்டிருப்பான். உழுகிறவனாக இருக்கும்." சப்பாத்தைத் திரும்பக் காலில் மாட்டினார். "நான் போன பிறகு, அந்தக் கடைசிக் கையில் எனக்கும் இடம் இருக்குமா?"

இருக்கும் என்றேன். எங்கள் வழக்கத்தில் தகப்பன் பெயரோடு சொல்ல வேண்டும் என்றேன். மார்ஜரி, ஹெர்பர்ட்டின் மகள் என்றார். அப்போதுதான் நானும் சொன்னேன், முருகேசு என் தகப்பன், என் பெயர் செல்லத்துரை என்று. அவர் அதை இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். முதல் தரம் பிழையாக வந்தது. இரண்டாம் தரம் சரியாக வந்தது.

மத்தியானம் எங்கள் வீட்டில் படையல். திவசத்துக்கு முதலில் ஒரு விருந்தாளிக்குச் சோறு கொடுக்க வேண்டும். அந்த இலையில் மிஸிஸ் டன் இருந்தார். இலையென்று சொல்லுகிறேன், அலுமினியத் தாள்தான். வாழைக்காய்க் கறியை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினார். பேரன் அன்றைக்குப் பகலில் தூங்காமல் அவருடைய தொப்பியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். அந்த வீட்டில் அன்று ஒருவரும் சத்தம் போடாதேங்கோ என்று சொல்லவில்லை.

ஆவணியில் நான் ஊருக்குத் திரும்பினேன். மிஸிஸ் டன் செப்டெம்பரில் இங்கிலாந்து போனதாக வதனி சொன்னாள். வீட்டுப் பிள்ளையாக அல்ல, பார்க்க வந்தவளாகத்தான் போனாராம். கல்லில் படுத்திருந்த ஆலிசின் காதுக்குக் கிட்டே குனிந்து, பிள்ளைக்குத் தண்ணீர் விட்டாயிற்று என்று சொல்லிவிட்டு வந்தாராம். திரும்பி வந்து இன்னும் சில வருடங்கள் இருந்தார். பிறகு ஒரு நாள் வதனி போனில் பெயரைச் சொன்னதும் நான் கிணற்றடிக்குப் போய் முழுகினேன்.

யுத்தத்தால் கீரிமலைக்குப் போக முடியாத காலமும் வந்தது. அந்த வருடங்களில் கிணற்றடியில் வாளித் தண்ணீரில் விட்டேன். ஒரு ஆடியும் தவறவில்லை. ஆனால் எனக்கும் வயதாகிவிட்டது, எனக்குப் பிறகு விட ஆண் பிள்ளையும் இல்லை. பேரன் இங்கிலீசில்தான் கதைக்கிறான், அவன் செய்வானோ தெரியாது. ஆகையால் இதை வாசிக்கிறவர்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன். வாசித்துவிட்டு வைத்துவிடாமல், கூட்டாமல் குறைக்காமல், தண்ணீர் விடுகிற இன்னொருவர் கையில் கொடுங்கள். என் தமிழில் பிழை இருந்தாலும் திருத்த வேண்டாம், தலையில் போட்ட சுழியையும் எடுக்க வேண்டாம். இது மரண அறிவித்தல் அல்ல. கடைசிக் கை தண்ணீர் விடும்போது இந்தப் பெயர்களை இப்படியே சொல்லுங்கள்.

மார்ஜரி, ஹெர்பர்ட்டின் மகள்.

வில்லியம், ராபர்ட்டின் மகன். வயது ஐந்து.